ஆப்பிள்பாட் வந்து போகுது, ஆப்பிள் தேடுபொறி மட்டும் ஏன் வரலை?

மாடித்தோட்டம்_செல்வி:
மாடித்தோட்டம் பத்தித் தமிழ்ல ஒரு சின்னத் தளம் வச்சிருக்கேன். ஹோஸ்டிங் புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி எந்த பாட் (தளங்களுக்குத் தானா வந்து பக்கங்களை எடுத்துட்டுப் போற நிரல்) எவ்வளவு டேட்டா இழுக்குதுன்னு பார்க்க சர்வர் லாகைத் திறந்தேன். கூகுள்பாட், பிங்பாட் எல்லாம் தெரிஞ்ச முகம்தான். நடுவுல ஆப்பிள்பாட்டும் நிக்குது! கத்திரிச்செடி மாவுப்பூச்சிப் பக்கத்து மேல அதுக்கு என்ன காதலோ, திரும்பத் திரும்ப எடுக்குது. விசாரிச்சா, இப்படி ஒரு பாட் இருக்குன்னு 2015லயே ஆப்பிள் ஒத்துக்கிட்டிருக்கு. குரல்ல கேட்டா பதில் சொல்ற 'சிரி'க்கும், ஐபோன்லயே இருக்கிற ஸ்பாட்லைட் தேடலுக்குமாம்.

என் கேள்வி இதுதான். பக்கங்களைச் சேகரிக்குது, பணத்துக்குக் குறைவில்லை, போனும் பிரவுசரும் சொந்தம். அப்புறம் சஃபாரியில தட்டினா ஏன் கூகுளுக்குப் போகணும்? என் தளத்துக்கு வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே வாசல் வழியா வர்றாங்க. இன்னொரு வாசல் இருந்தா நல்லதுதானே? ஆப்பிள் துணிஞ்சு இறங்கணுமா, வேண்டாமா?

வரவுசெலவு_வாசு:
2022ல மட்டும் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2,000 கோடி டாலர். கூகுள் மேல அமெரிக்க நீதித்துறை போட்ட ஏகபோக வழக்குல வெளிய வந்த கணக்கு. சஃபாரி வழியா வர்ற தேடல் விளம்பர வருமானத்துல 36 சதவீதம் ஆப்பிளுக்கு. இதுக்கு ஆப்பிள் செய்ற வேலை, செட்டிங்ஸ்ல கூகுளை முதல்ல வைக்கிறது. நானா இருந்தா தேடுபொறிங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன். அடுத்த கேள்வி!

பழைய_இண்டெக்ஸ்:
வாசு சொன்னது சரி, ஆனா பாதிதான்.

செல்வி அக்கா, பக்கம் சேகரிக்கிறதுதான் இதுல லேசான வேலை (காசு இருக்கிறவனுக்கு). ஒரு செய்தி நிறுவனத்தோட பழைய இதழ்களுக்குத் தேடல் எழுதிக் கொடுத்தவன் நான். எல்லாத்தையும் இண்டெக்ஸ்ல (எந்தச் சொல் எந்தப் பக்கத்துல இருக்குங்கிற அட்டவணை) ஏத்தினதும் வேலை முடிஞ்சதுன்னு மேலிடம் நினைக்கும். கஷ்டமே அப்பத்தான் தொடங்கும். ஒருத்தர் "மாவுப்பூச்சி மருந்து"ன்னு தட்டுறார். நூறு பக்கம் பொருந்துது. எது மேல வரணும்? முன்னாடி இதையே தேடினவங்க எதைத் தொட்டாங்க, தொட்டதும் திரும்பி வந்துட்டாங்களா, அங்கேயே தங்கிட்டாங்களா, இந்தத் தடயம் மலையா குவிஞ்சாத்தான் வரிசை சரியா விழும். அதுலயும் நம்ம ஆளுங்க தமிழை ஆங்கில எழுத்துல தட்டுவாங்க, ஆளுக்கொரு ஸ்பெல்லிங். ஜனங்க தட்டத் தட்டத்தான் பொறி அதைப் படிச்சுக்கும். வாசு சொன்ன அதே வழக்குல நீதிபதி அமித் மேத்தாவோட 2024 ஆகஸ்ட் தீர்ப்புல ஒரு கணக்கு இருக்கு: மத்த எல்லாப் போட்டிப் பொறிக்கும் சேர்த்து வர்றதைப் போல ஒன்பது மடங்கு தேடல் கூகுளுக்குத் தினமும் வருது. மொபைல்ல 19 மடங்கு.

இங்கதான் ஆப்பிள் மத்தவங்க மாதிரி இல்லை. நீவாவை எடுத்துக்குங்க. திருச்சியில பிறந்து, சென்னை ஐஐடியில படிச்சு, கூகுளோட விளம்பரப் பிரிவையே நடத்தின ஸ்ரீதர் ராமசாமி 2019ல ஆரம்பிச்சது. விளம்பரம் இல்லாத, சந்தா கட்டிப் பயன்படுத்துற தேடுபொறி. 2023ல மூடிட்டாங்க. பொறியைக் கட்டுறது ஒண்ணு, சாதாரண ஜனங்களை அதுக்கு மாத்துறது முற்றிலும் வேறன்னு மூடும்போது எழுதினாங்க. ஆப்பிளுக்கு அந்தப் பாடே கிடையாது. செட்டிங்ஸ்ல ஒரு வரியை மாத்தினா முதல் நாளே ஐபோன் தேடல்ல பெரும்பகுதி அவங்க பக்கம் வந்துடும், தடயமும் கூடவே வரும். கூகுள் அவ்வளவு பணம் கொடுக்கிறது இந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான்னு நான் நினைக்கிறேன்.

செலவும் பெரிய தடை இல்லை. இப்போ தேடலுக்குச் செய்ற செலவுக்கு மேல வருஷம் 600 கோடி டாலர் ஆகும்னு ஆப்பிளே உள்ளுக்குள்ள போட்ட மதிப்பீடும் அதே தீர்ப்புல இருக்கு. அந்தக் கம்பெனிக்கு அது தாங்காத தொகையா? 2024 டிசம்பர்ல ஆப்பிள் சேவைப் பிரிவுத் தலைவர் எடி க்யூ, ஏன் தேடுபொறி கட்டலைன்னு கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த காரணங்கள்: கோடிக்கணக்குல செலவு, பல வருஷ உழைப்பு, ஏஐ வந்து துறையே மாறிட்டிருக்கு, ஆளைக் குறிவச்சு விளம்பரம் விக்கிறது எங்க தொழில் இல்லை. கடைசிக் காரணம் கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆப் ஸ்டோர்ல 2016லேர்ந்து தேடல் விளம்பரம் விக்கிறது யாராம்?

2025 செப்டம்பர்ல மேத்தா மறுபடி சொன்னது: கூகுளைத் தவிர வேற யாரையும் சேர்க்காதேன்னு ஒப்பந்தம் போடக் கூடாது, ஆனா பணம் கொடுக்கலாம். பணம் வர்ற வரைக்கும் ஆப்பிள் அசையாது. பயனர் பக்கம் நின்னு கேட்டா, இறங்கணும்னுதான் சொல்வேன். இன்னைக்கு இறங்கித் தாக்குப்பிடிக்கக் கூடிய ஒரே ஆள் அவங்கதான்.

ஆனா அக்கா, உங்க தளத்துக்கு அதனால ஆள் வருவாங்கன்னு நம்பாதீங்க. சஃபாரியில தேடல் முதல் தடவையா குறைஞ்சதுன்னு 2025 மே மாசம் க்யூ சாட்சி சொன்னார். ஜனங்க ஏஐகிட்ட கேட்கப் போயிட்டாங்களாம். இனிமே ஆப்பிள் எதைக் கட்டினாலும் பத்து நீல லிங்க் காட்டுற பக்கமா இருக்காது. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல்னு சிரியே சொல்லிட்டுப் போயிடும். எழுதினது நீங்கன்னு யாருக்கும் தெரியாது.

கடைசிபெஞ்ச்:
ஆப்பிள் மேப்ஸை மறந்துட்டீங்களா? 2012 செப்டம்பர்ல விட்டாங்க, ஒரே தப்பும் தவறுமா இருந்துச்சு, அதே மாசம் அப்போ ஆப்பிள் சிஇஓவா இருந்த டிம் குக் மன்னிப்புக் கடிதம் எழுதி, சரியாகுற வரைக்கும் போட்டியாளரோட மேப்பைப் பயன்படுத்துங்கன்னார். தேடல்லயும் அதே கதைதான் நடக்கும்.

பழைய_இண்டெக்ஸ்:
மேப்ல பாலம் வளைஞ்சு தெரிஞ்சா படம் எடுத்துப் போட்டுச் சிரிக்கலாம். தேடல்ல வராத பக்கம் வரலைன்னு யாருக்குத் தெரியும்? அது மேப்ல வர்ற தப்பைவிட மோசம். அப்புறம், அந்த மேப்ஸ் இன்னைக்கு ஓடிட்டுத்தானே இருக்கு?

மாடித்தோட்டம்_செல்வி:
வயித்துல புளியைக் கரைச்சிட்டீங்க தம்பி. அப்போ ஆப்பிள்பாட்டைத் தடுத்துடவா? என் ரோபாட்ஸ் ஃபைல்ல (எந்த பாட் எதைத் தொடலாம்னு எழுதி வைக்கிற ஃபைல்) அதோட பேரே இல்லை, கூகுள்பாட்டுக்கு மட்டும்தான் எழுதியிருக்கேன்.

பழைய_இண்டெக்ஸ்:
தடுக்காதீங்க, ஸ்பாட்லைட்ல வர்ற கொஞ்ச நஞ்சமும் போயிடும். ஏஐ பயிற்சிக்கு மட்டும் வேண்டாம்னா 'ஆப்பிள்பாட்-எக்ஸ்டெண்டட்'னு தனிப் பேர் இருக்கு, 2024ல கொண்டுவந்தாங்க. அதை மட்டும் மறுத்து எழுதுங்க. ஒரு வேடிக்கை: தன் பேர் இல்லாம கூகுள்பாட் பேர் இருந்தா, கூகுள்பாட்டுக்கு எழுதின விதியையே ஆப்பிள்பாட் பின்பற்றும். ஆப்பிளே தன் உதவிப் பக்கத்துல அப்படித்தான் போட்டிருக்கு.