நீண்ட வராந்தாவா, சிறு பிரிவுகளா? விடுதி வரைபடம் பற்றி ஓர் ஐயம்

கேள்வி:
எங்கள் கல்லூரியின் புதிய விடுதிக்கு இரண்டு வரைபடங்கள் வந்துள்ளன. நீண்ட வராந்தாவின் இருபுறமும் அறைகள், கோடியில் எல்லோருக்கும் பொதுவான குளியலறை என்பது ஒன்று. ஐந்தாறு பேருக்கு ஒரு சிறு கூடமும் தனிக் குளியலறையும் தருவது மற்றொன்று. முதல் அமைப்பில் அனைவரும் அடிக்கடி சந்திப்பதால் நட்பு வளரும் என்று குழுவில் பலர் வாதிடுகிறார்கள். அது சரிதானா?

பதில் 1:
ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் அமெரிக்க விடுதிகளில் இதையே ஆராய்ந்து 1977-இல் நூலாக வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்குக் கிடைத்த இடப்பரப்பு இரு அமைப்புகளிலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும், நீண்ட வராந்தாவில் வசித்தவர்களே நெரிசலை மிகுதியாக உணர்ந்தார்கள். விடுதிக்கு வெளியே, ஆய்வுக்கூடத்தின் காத்திருப்பு அறையில்கூட, அவர்கள் அறிமுகமற்றவரிடமிருந்து தள்ளி அமர்ந்தார்கள். முகம் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு வியப்பளித்தது. பல் துலக்கப் போகும்போதுகூட யார் எதிர்ப்படுவார், பேச வேண்டியிருக்குமா என்பது நம் கையில் இல்லாதபோது, சந்திப்பு பெருகப் பெருக மனம் ஒதுங்கவே பார்க்கிறது. ஆகவே உங்கள் குழுவினரின் வாதம் பாதிதான் சரி.

பதில் 2:
விடுதிக் காப்பாளராகப் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். சிறு பிரிவில் ஒருவருக்கு மற்றவர்களுடன் ஒத்துப்போகாவிட்டால், அவருக்குப் போக்கிடமே இருப்பதில்லை. கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது அடங்கும்வரை கதவைத் திறக்காமல் உள்ளேயே இருப்பார். மூவர் தங்கும் அறையிலும் இருவர் கூட்டுச் சேர்ந்து, மூன்றாமவர் தனித்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிரிவுகளுக்கு அப்பால் ஒரு பொது அறை இல்லாவிட்டால் இரண்டாவது வரைபடமும் சிக்கல்தான். ஓசையையும் மறந்துவிடாதீர்கள். படுக்கையறையில் இரவு ஓசை சராசரியாக 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வராந்தாவில் இழுபடும் ஒரு வாளியும் அறைந்து சாத்தப்படும் ஒரு கதவும் போதும், பாதி மாடி விழித்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. செலவைக் காரணம் காட்டி நிர்வாகம் முதல் வரைபடத்தையே தேர்ந்தெடுத்தால், அதில் ஏதேனும் திருத்தம் செய்ய இயலுமா?

பதில் 3:
இயலும். முதல் பதிலில் வந்த ஆண்ட்ரூ பாம், கிளென் டேவிஸ் என்பவருடன் சேர்ந்து 1980-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நாற்பது பேர் வசித்த வராந்தாவின் நடுவே மூன்று அறைகளைப் பொதுக் கூடமாக்கி, கதவுகள் பொருத்தி, மாடியை இருபது இருபது பேராகப் பிரித்தார்கள். நெரிசல் உணர்வு குறைந்தது, அக்கம்பக்கத்தினரோடு பழக்கமும் கூடியது. மூன்று அறைகளை இழக்க நிர்வாகம் தயங்கும் என்பது உண்மைதான். ஆயினும் குளியலறையையாவது இரு கோடிகளிலும் பிரித்து வைக்கக் கேளுங்கள். பொது அறையை மொட்டைமாடிக்கு அனுப்பிவிடாமல், மாடிப்படிக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அருகில், போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிட்டு விருப்பமிருந்தால் மட்டும் நுழையும்படி அமைக்கச் சொல்லுங்கள்.