பெரிய குடும்பமாக அயர்லாந்து: போய்வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோவைக்காரன்

தம்பி டப்ளினில் வேலை பார்க்கிறான். வருகிற கோடையில் அப்பா அம்மா, பெரியப்பா பெரியம்மா, அக்கா குடும்பம், நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள் என்று பட்டாளமாகக் கிளம்புகிறோம். என்னென்ன பார்க்கலாம் என்பதை யூடியூபே சொல்லிவிடுகிறது. அந்த ஊர் மனிதர்களோடு எப்படிப் பழகுவது என்றுதான் யாரும் சொல்வதில்லை. பெரியப்பா பொள்ளாச்சிப் பக்கம் விவசாயி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமே சம்பளம் கேட்கிற ஆள். அப்பா ரிட்டயர்டு தமிழாசிரியர். கால்டுவெல் பிறந்த மண்ணை மிதிக்காமல் திரும்ப மாட்டேன் என்கிறார். கிராமத்துப் பக்கம் ஒரு வீடு எடுத்துத் தங்கலாம் என்று யோசனை. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

கால்வே அக்கா

கிராமத்து வீடு நல்ல யோசனை. ஹோட்டலில் தங்கினால் ரிசப்ஷன் பெண்ணைத் தவிர யாரோடும் பேச மாட்டீர்கள். மாமனார் மாமியார், நாத்தனார் குடும்பம் எல்லோரும் வந்தபோது நாங்கள் கிளேர் கவுன்ட்டியில் ஒரு வீடு எடுத்தோம். சொந்தக்காரம்மா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். நாங்கள் போய் இறங்கும்போதே மேசைமேல் சோடா பிரெட், வெண்ணெய், ஒரு பெட்டி பாரீஸ் தேயிலை எல்லாம் வைத்திருந்தார். (கார்க் நகரத்துப் பிராண்ட் அது. லயன்ஸ் நல்லதா பாரீஸ் நல்லதா என்று அங்கே தீராத சண்டை. அதில் நுழையாதீர்கள்.)

மறுநாள் காலை எட்டிப் பார்க்க வந்தார். மாமியார், "காபி போடட்டுமா?" என்றார். "வேண்டாம் வேண்டாம், சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன்" என்று வாசலிலேயே நின்றார். நாத்தனார் மகன் அமெரிக்காவில் வளர்ந்தவன். "அவங்கதான் வேண்டாங்கிறாங்களே, விடுங்க பாட்டி" என்றான். மாமியார் விடுகிற ஆளா? "அதெல்லாம் இல்லை, ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று தமிழிலேயே சொல்லி டம்ளரை நீட்டினார். "நீங்கள் எப்படியும் போடுவதாக இருந்தால், கொஞ்சமாக" என்று கோட்டைக் கழற்றிய அம்மா, மதியச் சாப்பாட்டு நேரம் வரை எழுந்திருக்கவில்லை.

அங்கே முதல் தடவை கேட்டவுடன் சரி என்பது அவ்வளவு மரியாதை இல்லை. இரண்டாவது, மூன்றாவது தடவை கேட்பது கொடுப்பவர் பொறுப்பு. உங்களையும் அப்படித்தான் வற்புறுத்துவார்கள். நிஜமாகவே வேண்டாம் என்றால் ஒரு காரணத்தோடு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நம் பெரியவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. சொல்லித்தர வேண்டியது வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான். யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போக வேண்டாம். ஒரு பாக்கெட் பிஸ்கட், ஒரு கேக் போதும்.

வீட்டுக்குள் இரண்டே விஷயம். கிராமத்து வீடுகளில் பெரும்பாலும் செப்டிக் டேங்க். குழந்தைக்குத் துடைக்கிற ஈர டிஷ்யூவை எல்லாம் கழிவறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். அப்புறம், கடுகு தாளிப்பதற்கு முன்னால் ஜன்னலைத் திறங்கள். அந்தப் புகை அலாரத்துக்கு நம் சமையல் பழக்கமில்லை.

சாப்பாட்டில் சைவம் மட்டும் என்றால் ஒவ்வொன்றையும் கேட்டே ஆக வேண்டும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி எலும்பு வேகவைத்த நீரில் செய்திருக்கலாம். டோஸ்டெட் ஸ்பெஷல் என்றால் உள்ளே பன்றிக்கறி உண்டு. காலை உணவுத் தட்டில் கறுப்பாக, வட்டமாக இருப்பது ரத்தத்தில் செய்தது. அம்மாவுக்கு முதலிலேயே காட்டிவிடுங்கள்.

லிமெரிக் நர்ஸ்

என் அனுபவம் கொஞ்சம் வேறு. அப்பா அம்மா, அண்ணன் குடும்பம் எல்லோரும் என்னிடம் வந்திருந்த சமயம், எதிர்வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டார். தினமும் எங்கள் பிள்ளைகளுக்குக் கை காட்டுகிற மனிதர். சாயந்தரம் வீட்டில் உடலை வைத்திருப்பார்கள், போய்வர வேண்டும் என்றேன். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஊர் சுற்ற வந்த இடத்தில் சாவு வீடா? பிள்ளைகளையுமா?"

அயர்லாந்தில் சாவுக்குப் போகாமல் இருப்பதுதான் பெரிய குறை. கல்யாணத்துக்கு அழைப்பு வேண்டும். சாவுக்கு வேண்டாம், நமக்கும் அப்படித்தானே. உள்ளூர் வானொலியில் இறப்புச் செய்தியை நேரம் ஒதுக்கி வாசிக்கிறார்கள். ஒரே நிபந்தனை: அறிவிப்பில் வீடு குடும்பத்தாருக்கு மட்டும் என்று இருந்தால் வீட்டுக்குப் போகக் கூடாது, தேவாலயத்துக்குப் போகலாம்.

போனோம். வாசல் தாண்டித் தெருவரை வரிசை. முன்னறையில் திறந்த சவப்பெட்டி, பக்கத்தில் குடும்பம் வரிசையாக நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, "உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்" என்று அவர்கள் சொல்லுகிற அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். புதிதாக எதையும் யோசித்துச் சொல்ல வேண்டாம். அதே வாக்கியத்தைத்தான் ஊரே சொல்கிறது. பெட்டி அருகே சற்று நின்றுவிட்டு அடுத்த அறைக்குப் போனால் சமையலறை முழுக்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள். முக்கோணமாக வெட்டிய முட்டை சாண்ட்விச்சை நீட்டியபடியே இருக்கிறார்கள், தேநீர் நிற்கவே இல்லை.

அம்மாவை அதிரவைத்தது சிரிப்புதான். இறந்தவர் கழுதை வாங்கி ஏமாந்த கதையை ஒருவர் சொல்ல, அவருடைய மகனே விழுந்து விழுந்து சிரிக்கிறார். இடையில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், மறுபடி சிரிக்கிறார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. இறந்தவர் வீட்டுப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார், யாரும் எழுப்பவில்லை. வீட்டுக்கு வந்து எல்லோரும் தலைக்குக் குளித்தோம். அதை விட்டுக்கொடுக்க அம்மா தயாராக இல்லை.

சில வாரம் கழித்து இறந்தவர் படத்தோடு நன்றி அட்டை வந்தது. உறையில் என் பெயரோடு "உங்கள் அம்மாவுக்கும்" என்று எழுதியிருந்தார்கள். அம்மா அப்போது திருநெல்வேலி திரும்பியிருந்தார், வாட்ஸாப்பில் அனுப்பினேன்.

சாலையில் சவ ஊர்வலம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். முந்திக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

தாளம் தட்டாதவன்

பப் என்கிற மதுக்கடைக்கு ஏன் குடும்பத்தோடு போக வேண்டும் என்று என் சித்தப்பா கேட்டார். குடிக்காதவருக்கும் அங்கே வேலை இருக்கிறது. மதியச் சாப்பாடு, பாட்டு, ஊர்க்கதை எல்லாம் அங்கேதான். 2004 மார்ச்சிலிருந்து உள்ளே சிகரெட் புகையும் கிடையாது. வேலையிடங்களில் நாடு முழுக்கப் புகைக்குத் தடை போட்ட முதல் நாடு அதுதான். ஆனால் சட்டப்படி பிள்ளைகள் இரவு 9 மணிக்கு மேல் இருக்கக் கூடாது, மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. இரவுக் கச்சேரிகள் பல ஒன்பதரை வாக்கில்தான் சூடு பிடிக்கும். அதனால் பிற்பகலில் இசை இருக்கிற இடமாக விசாரித்துப் போங்கள். நாங்கள் கிளேர் கவுன்ட்டி டூலினில் அப்படித்தான் போனோம்.

மேடை இல்லை, மைக் இல்லை. மூலையில் ஒரு மேசையைச் சுற்றி ஃபிடில், குழல், அக்கார்டியன், போட்ரான் என்கிற ஒரு தோல் பறை. சித்தப்பா நேராகப் போய் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார், அது இசைக்காரர்களுக்கானது. யாரும் எழுந்திருங்கள் என்று சொல்லவில்லை. "வெளிச்சம் அந்தப் பக்கம் நன்றாக இருக்குமே" என்றார் கடைக்காரர். சித்தப்பாவுக்குப் புரியவில்லை. "ஜன்னல் பக்கம் காற்றும் வரும்" என்றார் மறுபடி. சித்தி கையைப் பிடித்து எழுப்பினார். அவர்கள் குறை சொல்வது இந்த அளவு சத்தத்தில்தான் இருக்கும். சொன்னதைவிட எதற்காகச் சொன்னார்கள் என்று பாருங்கள்.

வாசிக்கும்போது சேர்ந்து கை தட்டாதீர்கள். நாம் தட்டுகிற தாளம் அவர்கள் ஓட்டத்தை இழுத்துவிடும். யாராவது பக்கவாத்தியம் இல்லாமல் தனியாகப் பாட ஆரம்பித்தால் கடையே அடங்கிவிடும், கிளாஸ் கழுவுகிறவர்கூட நிறுத்திவிடுவார். அந்த நேரத்தில் போன் அடித்தால் தொலைந்தோம். பாடி முடித்தவர் அடுத்தவரைக் கூப்பிடலாம். எங்கள் அத்தையைக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை மறுத்துவிட்டு, "சரி, ஒன்றே ஒன்று" என்று ஆண்டாள் பாசுரம் பாடினார். ஃபிடில்காரர் என்ன ராகம் என்றெல்லாம் கேட்கவில்லை. அந்த ஊர் எங்கே இருக்கிறது, மழை பெய்யுமா என்றுதான் கேட்டார்.

ரவுண்டு விஷயம்: ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்தது நீங்கள். ஆரஞ்சு ஜூஸ் குடித்தாலும் கணக்கு கணக்குதான். வேண்டாம் என்றால் முதல் ரவுண்டிலேயே ஒதுங்கிவிடுங்கள். வாங்கிக் குடித்துவிட்டு நழுவுகிற ஆளை வருஷக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

கெர்ரி மாப்பிள்ளை

பெரியப்பா சம்பளம் கேட்கலாமா என்றால், கூடாது. அதைவிட முக்கியம், விவசாயியிடம் எத்தனை ஏக்கர், எத்தனை மாடு என்று கேட்கவே கூடாது. பாங்க் பாஸ்புக்கைக் காட்டு என்பது போல அது. பால் விலை, மழை, புல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், அவரே ஒரு மணி நேரம் புலம்புவார். மாமனார் ஊரில் நான் பார்த்ததே இதைத்தான். நம்மைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள்: எந்த ஊர், இங்கே யார் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் வேலையா? வம்பு இல்லை, அறிமுகம். பெருமை அடிப்பது மட்டும் எடுபடாது. மகன் ஐஐடி என்று ஆரம்பித்தால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். கிண்டல் செய்தால் ஒட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

வயல் வழியாக நடக்க ஆசைப்பட்டால் கேட்டுவிட்டு நடங்கள். எல்லாம் தனியார் நிலம். கேட் திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும், மூடியிருந்தால் மூடிவிட்டு வாருங்கள். வயல் நடுவே தனியாக நிற்கிற முள்மரத்தில் பிள்ளைகள் கிளை ஒடிக்க வேண்டாம். தேவதைகளின் மரம் என்பார்கள். நம்புகிறீர்களா என்று கேட்டால் சிரிப்பார்கள், வெட்டச் சொன்னால் மாட்டார்கள். 1999இல் கிளேர் கவுன்ட்டி லட்டூனில் அப்படி ஒரு மரத்துக்காக நெடுஞ்சாலைத் திட்டத்தையே மாற்றினார்கள்.

ஸ்கெல்லிக் மைக்கேல் தீவுக்குப் பெரியவர்களைக் கூட்டிப்போகாதீர்கள். 600க்கு மேல் கல்படி, கைப்பிடி கிடையாது. கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர் போகலாம். 214 மீட்டர் உயரத்தில் அட்லாண்டிக் காற்று புடவையை உருவுகிற மாதிரி அடிக்கும். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஊக்கு நிறைய வாங்கி வையுங்கள். குடை வீண்.

பெல்ஃபாஸ்ட் மாணவி

தமிழாசிரியர் ஐயாவுக்காக இது. கால்டுவெல் 1814இல் பிறந்த கிளாடி ஆன்ட்ரிம் கவுன்ட்டியில், அதாவது வட அயர்லாந்தில். டைரோனிலும் டெரியிலும் கிளாடி என்றே ஊர்கள் இருக்கின்றன. மேப்பில் பெயரை மட்டும் போட்டால் எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடும். இடையன்குடியில் இருக்கிற அளவு நினைவுச் சின்னத்தை எதிர்பார்த்துப் போக வேண்டாம் என்று ஐயாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எல்லையில் சோதனைச் சாவடி இல்லை, வேக அளவு கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் சட்டப்படி அது யு.கே. (ஐக்கிய ராஜ்ஜியம்), யூரோவும் முடிந்து பவுண்டு. ஷெங்கன் விசா இரண்டு பக்கமும் செல்லாது. இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு ஒரே விசாவில் இரண்டு நாட்டுக்கும் போக வழி இருக்கிறது, விசாவில் பி.ஐ.வி.எஸ். (BIVS) என்ற எழுத்துகள் இருக்க வேண்டும், விசா கொடுத்த நாட்டில் முதலில் இறங்க வேண்டும். அத்தனை பேர் விசாவிலும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பேச்சில் கவனம்: டெரியா லண்டன்டெரியா (ஒரே ஊருக்கு இரண்டு பெயர்) என்பதில் எதிரில் இருப்பவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள். கத்தோலிக்கரா புராட்டஸ்டன்டா என்று கேட்க வேண்டாம். தெற்கே வந்த பிறகு அயர்லாந்தை பிரிட்டனோடு சேர்த்துப் பேசிவிடாதீர்கள்.

ஐயாவுக்கு இன்னொரு ஊர் சொல்கிறேன், இது தெற்கிலேயே இருக்கிறது. ராஸ்காமன் கவுன்ட்டி பாயில், டப்ளினிலிருந்து ஸ்லைகோ போகிற வழி. 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்கரெட் கசின்ஸ் அங்கே பிறந்தவர்.

டப்ளின் தெருக்காரன்

எல்லோரும் நல்லதையே சொல்லிவிட்டீர்கள், ஒன்றைச் சேர்க்கிறேன். 2025 கோடையில் டப்ளினில் இந்தியர்கள்மீது தாக்குதல்கள் நடந்தன. ஆகஸ்டில் இந்தியத் தூதரகமே கவனமாக இருக்கச் சொல்லி அறிவிப்பு விட்டது. பயப்படச் சொல்லவில்லை, இரவில் ஆள் இல்லாத இடங்களில் தனியாகச் சுற்ற வேண்டாம், பதின்வயதுப் பையன்கள் கும்பலாக வம்புக்கு வந்தால் பதில் பேசாமல் நகருங்கள். அவசர எண் 112 அல்லது 999. அதே ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவதையும் பார்ப்பீர்கள். நீங்களும் சொல்லுங்கள்.

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று யாராவது சொன்னால் உடனே தேதி கேட்காதீர்கள். கிழமை, நேரம் சொன்னால்தான் அது அழைப்பு.

கடைசியாக வண்டி. ஏழு சீட்டில் ஏழு பேர் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடமே இருக்காது. இரண்டு வண்டியாக எடுங்கள். கியர் வண்டிதான் சாதாரணமாகக் கொடுப்பார்கள், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்ல வேண்டும். 75 வயது தாண்டியவர்களுக்குப் பல நிறுவனங்கள் ஓட்டக் கொடுப்பதில்லை. நம்மைப் போல இடப்பக்க ஓட்டம்தான், ஆனால் கிராமத்துச் சாலை ஒரு வண்டி அகலம், இருபக்கமும் கல்சுவர். 2025 பிப்ரவரியிலிருந்து அந்தச் சாலைகளில் பொது வேக வரம்பு 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகிவிட்டது. எதிரே வருகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்கள். டப்ளினைச் சுற்றிப் போகிற எம்50 நெடுஞ்சாலையில் டோல் கேட் கிடையாது, மறுநாள் இரவு 8 மணிக்குள் ஆன்லைனில் கட்டிவிட வேண்டும். வாடகை வண்டிக்கு யார் கட்டுவது என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.