பழைய கல்லறைகளை உடைத்தவர்கள் மீது எந்தப் பிரிவில் வழக்குப் பதியக் கோரலாம்?

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகே எங்கள் ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் சென்ற வாரம் ஏழு கல்லறைகளை யாரோ உடைத்திருக்கிறார்கள். என் அப்பத்தாவின் பளிங்குப் பலகையில் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் மட்டும் சிலுவையடியில் ஒட்டியிருக்க, மற்றவை கருவேல முள்ளுக்குள் சிதறிக் கிடந்தன. குனிந்து குனிந்து நானே பொறுக்கி எடுத்தேன்.

காவல் நிலையத்தில் மனுவை வாங்கினார்களே தவிர, முதல் தகவல் அறிக்கை பதியவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆம் பிரிவு (முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 297), பிறர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்துடனோ, புண்படும் என அறிந்தோ அடக்கத்தலத்தில் அத்துமீறுவோருக்கு ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கிறது. உடைத்த சேதத்துக்கு 324ஆம் பிரிவும் பொருந்தும் என்று கருதுகிறேன். அதில் சேதம் ஒரு லட்சம் ரூபாயை எட்டினால் ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

எனக்குப் புரியாதது மதிப்பீடுதான். அந்தக் கல்லறைகளில் இருந்த, இன்று செய்ய ஆள் கிடைக்காத சுண்ணாம்புச் சுதை வேலையின் மதிப்பை நீதிமன்றம் ஏற்கும்படி சான்றளிப்பவர் பொறியாளரா, ஸ்தபதியா? இத்தகைய வழக்கை நடத்திய வழக்கறிஞர்கள், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பும் மனுவில் எவற்றை இணைக்க வேண்டும் என்றும் தெரிவித்து உதவுங்கள். நான் பொறுக்கி எடுத்த எழுத்துகளைத் தவிர, மற்ற உடைந்த துண்டுகளை இடம் மாற்றாமல் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறோம்.