உருண்டைக் கள்ளியில் குட்டி பிரித்து வேர் விட வைப்பது எப்படி?

கேள்வி

தொட்டியில் இருக்கும் மம்மில்லேரியா என்ற உருண்டைக் கள்ளி டென்னிஸ் பந்து அளவுக்கு வந்துவிட்டது. அடியைச் சுற்றி ஏழெட்டுக் குட்டிகள். பெரும்பாலும் கொண்டைக்கடலை அளவு, இரண்டு மட்டும் நெல்லிக்காய் அளவு. எதைப் பிரிக்கலாம்? பிரித்ததும் மண்ணில் வைத்துத் தண்ணீர் விடலாமா? வேர் ஹார்மோன் தேவையா? பக்கத்துத் தொட்டியில் உள்ள இன்னொரு உருண்டைக் கள்ளியான கோல்டன் பேரல் ஒரு குட்டிகூடப் போடவில்லை. அதைப் பெருக்க என்ன வழி?

பதில் 1

நெல்லிக்காய் அளவில் இருக்கும் இரண்டை மட்டும் எடுங்கள். கடலை அளவுக் குட்டியில் நீர்ச்சேமிப்பு குறைவு, வேர் வருவதற்குள் வற்றிவிடும். 2 செ.மீ. விட்டம் வரும்வரை அவை தாயிடமே இருக்கட்டும்.

ஒரு வாரம் முன்பே தாய்ச்செடிக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். செய்தித்தாளைப் பட்டையாக மடித்துக் குட்டியைச் சுற்றிப் பிடித்து மெல்லத் திருகினால், ஒட்டியிருக்கும் குறுகிய கழுத்தில் கழன்று வரும். வரவில்லை என்றால் இழுக்கக் கூடாது, தாயின் தோல் கிழியும். ஸ்பிரிட்டில் துடைத்த மெல்லிய கத்தியால் அந்தக் கழுத்தை அறுங்கள். சில வகைகளில் வெள்ளைப் பால் கசியும். அது இயல்புதான், பேப்பரால் ஒற்றி எடுத்தால் போதும்.

அடுத்துக் காய வைப்பது. அவசரமே கூடாத இடம் இதுதான். நிழலில், காற்றோட்டமான இடத்தில், வெட்டுவாய் எதையும் தொடாதபடி படுக்க வையுங்கள். கழுத்து குறுகலாக இருந்தால் நான்கைந்து நாள், வெட்டுவாய் 1 செ.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால் ஏழு முதல் பத்து நாள். வெட்டுவாய் லேசாக உள்வாங்கி, வெளிறி, நகத்தால் தட்டினால் கெட்டியாக இருக்க வேண்டும். விரலில் ஈரம் ஒட்டினால் இன்னும் ஆகவில்லை. ஹார்மோன் தேவையில்லை, மம்மில்லேரியா தானாகவே வேர் விடும்.

பதில் 2

மேலே சொன்னதெல்லாம் சரி. மண்ணையும் தண்ணீரையும் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் குட்டிகள் சாவது பெரும்பாலும் இங்கேதான்.

3 முதல் 5 மி.மீ. பருமனுள்ள ப்யூமிஸ் (நுரைக்கல்) அல்லது பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் பொரி) இரண்டு பங்கு, சலித்த மட்கு உரம் ஒரு பங்கு. நைஸ் மணல் வேண்டாம், அது இடுக்குகளை அடைத்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். கடல் மணலில் உப்பு இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். தொட்டி 5 அல்லது 6 செ.மீ. அகலம் போதும், அடியில் துளை கட்டாயம். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். குட்டியைப் புதைக்காதீர்கள். மேலே உட்கார வைத்து 2, 3 மி.மீ. மட்டும் அழுத்துங்கள். சாய்ந்தால் கூழாங்கல்லால் முட்டுக் கொடுங்கள்.

முதல் வாரம் மண் முழுக்கக் காய்ந்தே இருக்கட்டும். பிறகு ஓரமாகக் கொஞ்சம் நனைத்து, நன்றாகக் காய்ந்ததும் மறுபடி நனையுங்கள். தினமும் ஸ்பிரே அடிக்கச் சொல்வார்கள், நான் அதை ஏற்பதில்லை. முள்ளிடுக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சைக்குத்தான் வழி விடும். 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும், குளிரில் வெகு நாள் இழுக்கும். வேர் இல்லாத குட்டி நேர் வெயிலில் வெந்துவிடும், அந்தப் பழுப்புத் தழும்பு போகாது. வேர் வந்ததா என்று அடிக்கடி தூக்கிப் பார்த்தால் புது வேர் ஒடியும். சுருங்கிய உடல் மறுபடி திரண்டு, உச்சியில் புது முள் தெரிந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

பதில் 3

கோல்டன் பேரல் இயல்பிலேயே தனிச்செடி, குட்டிக்குக் காத்திருப்பதில் பயனில்லை. உச்சி வளர்முனையைக் குடைந்தெடுத்தால் பக்கங்களில் குட்டி வெடிக்க வாய்ப்புண்டு, ஆனால் செடியின் உருவம் நிரந்தரமாகக் கெடும். அழுகினால் செடியே போய்விடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விதைதான் நல்ல வழி. கொதிநீர் ஊற்றி ஆறவைத்த மண்ணின் மேல் விதையைத் தூவுங்கள், மூடாதீர்கள், அதற்கு வெளிச்சம் வேண்டும். தொட்டியை பாலிதீன் பையில் இட்டுக் கட்டி, 25 டிகிரி அளவில், நேர் வெயில் படாமல் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பச்சைக் கடுகு போல முளைக்கும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பையைச் சிறிது சிறிதாகத் திறங்கள். ஒரேயடியாகத் திறந்தால் வாடிவிடும்.

மம்மில்லேரியாவிலும் விதை எடுக்கலாம், ஆனால் பல இனங்கள் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. ஒரே தாயின் குட்டிகள் எல்லாம் மரபில் ஒரே செடி, அவற்றுக்குள் மாற்றித் தேய்த்தாலும் காய் பிடிக்காது. வேறொரு விதையிலிருந்து வந்த செடி தேவை. இன்னொன்று: ஒட்டுக் கட்டி விற்கும் சிவப்பு, மஞ்சள் உருண்டைகளின் குட்டியை மண்ணில் வைக்காதீர்கள். பச்சையம் இல்லாததால் அது தனியாகப் பிழைக்காது, வேறொரு கள்ளியின் பச்சைத் தண்டில் ஒட்டித்தான் வளர்க்க வேண்டும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நட்ட பிறகு அடி பழுப்பாகி மெத்தென்று ஆனால் குட்டியைக் காப்பாற்ற முடியுமா?

பதில் 2

அன்றே எடுத்தால் முடியும். அடியிலிருந்து மெல்லிய வில்லைகளாகச் சீவுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு. நடுவில் தெரியும் வளையத்தில் ஆரஞ்சு அல்லது பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தாலும் நிறுத்தக் கூடாது, சதை முழுக்கச் சுத்தமாக வரும்வரை சீவ வேண்டும். பிறகு விளிம்பைப் பென்சில் சீவுவது போலச் சரித்துவிடுங்கள். நடுச்சதை காய்ந்து உள்ளே இழுக்கும்போது வேர் வரும் அந்த வளையம் மேலேறாமல் மண்ணைத் தொட்டபடி இருக்கும். இந்த முறை பத்து நாளாவது காய வைத்து, புது மண்ணில் வையுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டிக்குக்கூடப் பயன்படுத்தாதீர்கள்.