கையெழுத்து மட்டும் போட்ட செக்கை வைத்துக் கேஸ், கடையைக் காலி செய்யச் சொல்கிறார்

ஸ்ரீராமபுரம் டெய்லர் கேட்டது:

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். 2019-ல் 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்த கடை. அப்போது ஓனர், "சும்மா பாதுகாப்புக்கு" என்று, தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக் வாங்கிக்கொண்டார். இப்போது இடத்தை பில்டருக்குக் கொடுக்கிறாராம். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த மாதமே வக்கீல் நோட்டீஸ்: நான் 9 லட்சம் ரொக்கமாகக் கடன் வாங்கினேனாம், கொடுத்த செக் திரும்பிவிட்டதாம். 9 லட்சத்தை நான் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. சிரித்துவிட்டு நோட்டீஸைப் பீரோவில் வைத்துவிட்டேன்.

போன வாரம் நிருபதுங்கா ரோடு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலிருந்து சம்மன். கன்னடத்தில் இருந்தது, மகன்தான் படித்துச் சொன்னான். அன்று சாயங்காலமே புரோக்கரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்: "அட்வான்ஸை மறந்துட்டு சாவியைக் கொடுத்துடுங்கக்கா, கேஸை வாபஸ் வாங்கிடுவார்." ஜெயிலில் போட்டுவிடுவார்களா?

விவேக் நகர் ஆள்:

எதுக்குக்கா வம்பு? கோர்ட்டுக்கு நடந்தே செருப்பு தேய்ஞ்சுடும். சாவியைக் கொடுத்துட்டு நிம்மதியா இருங்க.

ரிட்டயர்டு பெஞ்ச் கிளார்க்:

ஓனர் எதிர்பார்ப்பதே அதைத்தானே தம்பி. அவர் கேஸில் ஜெயிக்க வேண்டியதில்லை, அம்மா பயந்தால் போதும்.

அம்மா, சம்மன் வந்ததற்காகக் கைது செய்ய மாட்டார்கள். ஆனால் சொன்ன தேதிக்குப் போகாவிட்டால் வாரண்ட் வரும், அதை மட்டும் செய்துவிடாதீர்கள். நோட்டீஸுக்குப் பதில் போடாதது பலவீனம்தான், அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. கையெழுத்து உங்களுடையது என்பதால், கடன் இருந்தது என்றே செக் கேஸ்களுக்கான நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 139-வது பிரிவின்படி கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் வேலை. அதற்காக அப்பழுக்கில்லாமல் நிரூபிக்க வேண்டாம், நீங்கள் சொல்வதுதான் நடந்திருக்கும் என்று தோன்ற வைத்தால் போதும். 2019-ல் நம் கர்நாடகத்திலிருந்து போன 6 லட்ச ரூபாய் செக் வழக்கில், கடன் கொடுத்ததாகச் சொன்னவருக்கு அவ்வளவு வசதி இருந்ததா என்று பார்த்துத்தான், செக்கில் கையெழுத்துப் போட்டவரை சுப்ரீம் கோர்ட் விடுதலை செய்தது. உங்கள் ஓனரையும் கேட்க வேண்டும்: 9 லட்சம் எந்தக் கணக்கிலிருந்து எடுத்தீர்கள், வருமான வரியில் காட்டினீர்களா?

குற்றமில்லை என்று நீங்கள் சொன்ன பிறகு, அதே சட்டத்தின் 143ஏ பிரிவில் 20 சதவீதம் வரை, அதாவது 1,80,000 வரை, இடைக்கால இழப்பீடு கேட்பார்கள். கட்டாயம் கொடுத்தாக வேண்டியதில்லை, மாஜிஸ்ட்ரேட் யோசித்து முடிவு செய்வார். ஹைகோர்ட்டில் ரத்து செய்து தருகிறேன் என்று யாராவது பீஸ் கேட்டால் உடனே கொடுக்காதீர்கள். கடன் உண்டா இல்லையா என்ற சண்டையை அங்கே பெரும்பாலும் விசாரிக்க மாட்டார்கள்.

அந்த வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கேஸ் எதற்காக என்று அதுவே சொல்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணையம் இலவசமாக வக்கீல் தரும். அப்புறம், பழைய செக் புக் இருக்கிறதா?

ஸ்ரீராமபுரம் டெய்லர்:

இருக்கிறது ஐயா, அதே பீரோவில்! அந்த இரண்டு செக்குக்கு முந்தைய நம்பர் லைனிங் துணிக்காரருக்கு 2019 ஜூனில் கொடுத்தது, அடுத்த நம்பர் ஜூலையில் மகன் பள்ளிக்கூடத்துக்கு. பேங்க் ஸ்டேட்மென்ட்டிலும் அப்படியே. ஓனர் செக்கில் எழுதியிருக்கும் தேதியோ இந்த வருஷம்.

21-ம் தேதி போகிறேன். கல்யாண சீசன், 14 ரவிக்கை பாக்கி. மெஷினைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.