மரத்திலிருந்து விரலில் ஏறுவது சிராயா, சிலாம்பா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் தாயார், விறகு பிளக்கும்போது விரலில் ஏறும் மெல்லிய மரத்துணுக்கைச் ‘சிலாம்பு’ என்பார். என் கணவர் வீட்டார் ‘சிராய்’ என்கிறார்கள். மகனோ ‘செலும்பார்’ என்ற மலாய்ச் சொல்லை மட்டுமே அறிந்தவன். தமிழ்க் கட்டுரையில் ‘மரமுள்’ என்று தானே ஒரு சொல்லை ஆக்கி எழுதியிருக்கிறான். எப்படித் திருத்துவது?

பதில் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தெலுக் இந்தான்):
அம்மா, சிராய், சிலாம்பு இரண்டும் சரியே. ‘செறும்பு’ என்றும் ஒரு சொல் உண்டு. கட்டுரைக்குச் சிராய் போதும். மரம் நார்ப்போக்கில் கிழியும்போது கூராகப் பிரிந்து நிற்பதே சிராய் என்பதால், அது பலகையோடு ஒட்டியிருந்தாலும் தோலுக்குள் புகுந்துவிட்டாலும் பெயர் மாறுவதில்லை. கோடரி வெட்டில் தெறிப்பது சில்லு, இழைப்புளியில் சுருண்டு வருவது சீவல், மூங்கிலை நீளவாக்கில் பிளந்து எடுப்பது பிளாச்சு. இவற்றையும் சிராய் என்றால் தச்சர் சிரிப்பார். முழங்காலில் ஏற்படும் ‘சிராய்ப்பு’ உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து தொடங்கினால் இச்சொல் மனத்தில் நிற்கும்.

பதில் (தச்சுப் பட்டறை, பகாவ்):
ஆசிரியர் ஐயா சொல்வது பட்டறை வழக்குக்கும் பொருந்துகிறது. பால்மரப் (ரப்பர் மரப்) பலகையை ரேகைக்கு எதிராக இழைத்தால் ‘சிராய் கிளம்புகிறது’ என்போம். அப்போது பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கமிருந்து இழைக்க வேண்டும். சிலாம்பும் செலும்பாரும் ஒலியில் இவ்வளவு நெருங்கியிருப்பதால், மலாய்க்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல்லாக இருக்குமோ?

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. ஆனால் ‘மரமுள்’ தவறு என்று மகனிடம் சொன்னால், குத்துகிறதே, அப்படியானால் அது முள்தானே என்று வாதாடுகிறான்.

பதில் (தமிழாசிரியர்):
பட்டறைத் தம்பி, ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துக் கடன்சொல் என்று தீர்ப்பு எழுதக் கூடாது. நமக்கு இனிக்கும் முடிவு என்பதாலேயே கூடுதலாக ஐயுற வேண்டும். அம்மா, பையனின் வாதம் கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால், முள் செடியிலோ மரத்திலோ தானாக வளர்வது, சிராய் மரம் பிளந்ததால் உண்டாவது. உங்கள் ஊரில் செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டையின் அடிப்பகுதியில் வரிசையாக நிற்கின்றனவே, அவைதாம் மரத்தின் முட்கள். ‘மரமுள் குத்தியது’ என்று அவன் எழுதினால், தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் அந்த மட்டைதான் நினைவுக்கு வரும், உடைந்த பலகை வராது. ‘விரலில் சிராய் ஏறியது’ என்றே எழுதச் சொல்லுங்கள்.