ஆர்கேடியா மயில்களும் பால்ட்வினின் குதிரைகளும்

திருச்சி அம்மா:
மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். கலிபோர்னியாவில் ஆர்கேடியா என்ற ஊர். விடிகாலையில் விராலிமலையில் கேட்கிற அதே அகவல். எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டுக் கூரையில் மயில்! 'லக்கி பால்ட்வின்' என்ற ஓட்டல் முதலாளி இந்தியாவிலிருந்து வரவழைத்த மயில்களின் வம்சம் என்கிறார் மாப்பிள்ளை. நேற்று சாண்டா அனிடா ரேஸ் மைதானத்தில் அவருடைய நான்கு குதிரைகளின் சமாதியையும் பார்த்தேன். யார் இந்த மனிதர்?

லாயத்து மகன்:
வணக்கம் அம்மா. என் அப்பா கிண்டி ரேஸ் லாயத்தில் சைஸ், அதாவது குதிரை பராமரிக்கும் வேலை பார்த்தவர். குதிரைக் கதை என்றால் நான் விடமாட்டேன்.

எலியாஸ் ஜாக்சன் பால்ட்வின், 1828இல் ஒஹையோவில் பிறந்து 1853இல் கலிபோர்னியா வந்தவர். வெள்ளிச் சுரங்கப் பங்குகளில் பெரும் பணம் சேர்த்து, சான் பிரான்சிஸ்கோவில் நாடக அரங்கோடு பால்ட்வின் ஓட்டலைக் கட்டினார். 1875இல் சாண்டா அனிடா பண்ணையை 2 லட்சம் டாலருக்கு வாங்கினார். நீங்கள் தங்கியிருக்கும் ஊரே அந்தப் பண்ணை நிலத்தில் எழுந்ததுதான். 1903இல் நகரமானபோது முதல் மேயரும் அவரே.

அவர் பண்ணையில் கிரின்ஸ்டெட் என்றொரு பொலிகுதிரை. அதன் குட்டிகள்தான் வோலான்டே, சில்வர் கிளவுட். சிகாகோவில் நடந்த அமெரிக்கன் டெர்பி என்ற குதிரைப் பந்தயத்தை 1885இல் வோலான்டேயும் அடுத்த ஆண்டே சில்வர் கிளவுடும் ஜெயித்தன. அதே டெர்பியை 1888இல் எம்பரர் ஆஃப் நார்ஃபோக், 1894இல் ரே எல் சாண்டா அனிடா என்று அவருடைய வேறு இரண்டு குதிரைகளும் ஜெயித்தன. பேர்போன பந்தயக் குதிரைகள் என்றால் கென்டக்கி மாநிலம்தான் என்றிருந்த காலம் அது. மேற்குக் கோடியில் வளர்ந்த குதிரைகள் அவ்வளவு தூரம் போய் ஜெயித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

அவருடைய ஜாக்கிகள் (பந்தயத்தில் குதிரை ஓட்டுபவர்கள்) போட்டது கறுப்புச் சட்டை, அதில் சிவப்பு மால்டீஸ் சிலுவை. சமாதியில் நீங்கள் பார்த்தது அதே சிலுவைதான்.

கடிவாளம்:
ஒரு திருத்தம். எம்பரர் அவர் பண்ணையில் பிறந்ததல்ல. தியோடர் வின்டர்ஸ் என்ற குதிரை வளர்ப்பாளரிடம் பிறந்ததை பால்ட்வின் வாங்கினார். அப்புறம், ஐசக் மர்ஃபியை எப்படி விட்டீர்கள்?

லாயத்து மகன்:
சரிதான், விட்டது என் தப்பு. அந்த நான்கு டெர்பிகளில் முதல் மூன்றிலும் சவாரி செய்தவர் ஐசக் மர்ஃபி என்ற கறுப்பின ஜாக்கி. கென்டக்கி டெர்பியையும் மூன்று முறை ஜெயித்தவர். முதலாளி பெயர் ஊருக்கே தெரியும், ஓட்டியவன் பெயரை யார் சொல்கிறார்கள் என்று அப்பா வருத்தப்படுவார். நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

திருச்சி அம்மா:
அந்த ஓட்டல் இன்னும் இருக்கிறதா தம்பி?

லாயத்து மகன்:
இல்லை அம்மா, 1898 நவம்பரில் எரிந்துபோனது. ஆனாலும் குதிரை ஆசை விடவில்லை. 1907 டிசம்பரில், 79 வயதில், தன் நிலத்திலேயே ரேஸ் மைதானம் திறந்தார். 1909 மார்ச்சில் இறந்தார். பந்தயம் கட்டுவதற்கு எதிரான சட்டம் வந்து அதே ஆண்டில் மைதானமும் மூடப்பட்டது. நீங்கள் பார்த்தது 1934இல் வேறு ஆட்கள் திறந்தது.

திருச்சி அம்மா:
ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறோம். ஐசக் மர்ஃபியின் பெயர் அங்கே எங்காவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.